நூலகத்துல லேட் ஃபைனை இல்லாம ஆக்குறது எப்படி: நம்ம கடக்கரை ஊர்களுக்கு ஒரு வழி

எஸ்.பி.பட்டினத்துல ஆரம்பிச்சு தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, வாலிநோக்கம்னு ரோச்மா நகர் வரைக்கும் நம்ம ராமநாதபுரம் கடக்கரையில கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், ஜமாத் படிப்பகம், சர்ச்சு லைப்ரரின்னு ஏதாவது ஒண்ணுல வேலை பாக்குறவங்க, வாசகர் வட்டத்துல இருக்குறவங்க, உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். லேட் ஃபைனை எடுத்துரலாம். எடுத்தா புத்தகம் எல்லாம் காணாமப் போயிரும்ங்கிற பயம் தேவையில்ல. யார்ட்ட போகணும், என்ன எழுதணும், ஃபைன் இல்லாம புத்தகத்தை எப்படி திரும்ப வர வைக்கணும்னு வரிசையா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

மொதல்ல ரெண்டு விஷயத்தைத் தனித்தனியா பிரிச்சுக்கங்க. லேட் ஃபைன்ங்கிறது கெடு தாண்டுன ஒவ்வொரு நாளுக்கும் ஏறுற காசு. தொலைஞ்ச புத்தகத்துக்கு விலையோ மாத்துப் புத்தகமோ குடுக்குறது வேற கணக்கு. நாம எடுக்கச் சொல்றது முதலாவதை மட்டும்தான். இதைப் பேச்சு ஆரம்பிக்கும்போதே தெளிவா சொல்லலைன்னா "அப்போ புத்தகத்தை எடுத்துட்டுப் போனவன் குடுக்கவே வேணாமா"ன்னு ஒருத்தர் எந்திரிச்சுக் கேப்பாரு, கூட்டம் அதோட முடிஞ்சிரும்.

அந்தக் காசு எவ்வளவு பெருசுன்னு பாத்தா ஒண்ணும் இல்ல, சில்லறைதான். ஆனா அந்த சில்லறை என்ன பண்ணுதுன்னு பாக்கணும். ஆறாவது படிக்கிற புள்ள ஒரு புத்தகம் எடுத்துட்டுப் போகுது, கெடு தாண்டிருது, வீட்ல காசு கேக்க பயம், நூலகத்துக்குப் போனா எல்லார் முன்னாடியும் கேப்பாகளோன்னு வெக்கம், அதனால அந்தப் பக்கமே போகாது, நாள் ஆக ஆக தொகை கூடிட்டே இருக்கும்னு பயமும் கூடிட்டே இருக்கும், கடைசில புத்தகம் ட்ரங்குப் பெட்டிக்கு அடில கிடக்கும், புள்ள நூலகத்தை மறந்துரும். நூலகத்துக்கு புத்தகமும் போச்சு வாசகரும் போச்சு. எஸ்.ஆர்.ரங்கநாதன், நம்ம சீர்காழிக்காரர், 1931-ல நூலகத்துக்கு ஐந்து விதி எழுதுனாரு, அதுல முதல் விதியே புத்தகம் பயன்படுத்துறதுக்காகத்தான்ங்கிறது. பெட்டிக்கு அடில கிடக்குற புத்தகம் யாருக்குப் பயன்படும் சொல்லுங்க.

இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு கஷ்டம் கூடுதலா இருக்கு. பதினாலு நாள் பதினஞ்சு நாள் கெடுங்கிறது மாசச் சம்பளக்காரங்க காலண்டருக்கு ஏத்தது. நம்ம ஆளுக காலண்டர் காத்தும் தண்ணியும்தான். விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் பிரிச்சுக்கிட்டு கடலுக்குப் போற ஊர்ல, நாள் கணக்கா கடல்லயே தங்குற தங்கல் தொழிலுக்குப் போற வீட்ல, நூலகம் திறந்திருக்குற நேரத்துக்கு வீட்ல ஆள் இருக்குமாங்கிறதே சந்தேகம். காத்து மாறுச்சுன்னா தென்கடல்ல இருந்து வடகடலுக்கு வலையத் தூக்கிட்டு மாறிப் போற குடும்பங்க இருக்கு. மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போற அக்காமாருக விடியறதுக்கு முன்னாடியே தீவுப் பக்கம் கிளம்பிருவாங்க, திரும்பி வந்தா பாசியைக் காயப்போடவே பொழுது சரியாயிரும். சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் பதனீர் சீசன்ல விடிலி போட்டு குடும்பத்தோட பனங்காட்டுலயே தங்கிருவாங்க. கருவேலங்கரி மூட்டம் போடப் போறவங்க அந்த வேலை முடியுற வரைக்கும் ஊருக்கு வரமாட்டாங்க. இவங்க எல்லாம் அசட்டையா லேட் பண்றவங்க கிடையாது, பொழப்பு அப்படி. அந்த பொழப்புக்கு ஃபைன் போடுறதுல ஒரு நியாயமும் இல்லைங்கிறது என் உறுதியான கருத்து.

"ஃபைன் பயம் இல்லன்னா எவனும் குடுக்கமாட்டான்"னு சொல்றவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, அவங்களுக்கு பதில் சொல்ல நமக்கு வெளிநாட்டு அனுபவம் கைல இருக்கு, அதைக் கூட்டத்துல சொல்லுங்க. அமெரிக்காவுல சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபர்ல லேட் ஃபைனை மொத்தமா எடுத்துச்சு, அடுத்த சில வாரத்துலயே திரும்பி வர்ற பழைய புத்தகம் 240 சதவீதம் கூடுச்சு. பயத்துல பதுக்கி வச்சிருந்ததெல்லாம் வெளிய வந்துச்சு. அயர்லாந்துல 2019 தொடக்கத்துல நாடு முழுக்க பொது நூலகத்துல ஃபைனை எடுத்துட்டாங்க. நியூயார்க்ல 2021-ல எடுத்தாங்க, அங்க அதுக்கு முன்னாடி 15 டாலர் பாக்கி இருந்தா கார்டு முடங்கிரும், அப்படி முடங்குனது கிட்டத்தட்ட 4 லட்சம் பேரோட கார்டு. சான் பிரான்சிஸ்கோல ஃபைன் எடுக்குறதுக்கு முன்னாடி ஆராய்ஞ்சு பாத்திருக்காங்க, பணக்காரத் தெருவும் ஏழைத் தெருவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் லேட் பண்ணுது, ஆனா காசு கட்ட முடியாம கார்டு முடங்குறது ஏழைத் தெருவுலதான்னு தெரிஞ்சுச்சு. அமெரிக்க நூலகச் சங்கம் 2019 ஜனவரில ஃபைன்ங்கிறதே சமூக ஏற்றத்தாழ்வோட ஒரு வடிவம்னு தீர்மானம் போட்டுச்சு. இதெல்லாம் அவங்க ஊர் கணக்கு, நம்ம ஊர்ல அதே சதவீதம் வரும்னு நான் சொல்லல, ஆனா ஃபைன் போனா நூலகம் காலியாயிரும்ங்கிற பேச்சுக்கு இது போதுமான பதில்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஊர்க்காரங்களே நடத்துற படிப்பகமா இருந்தா ரொம்ப சுலபம். கமிட்டியைக் கூட்டி ஒரு தீர்மானம் எழுதி கையெழுத்து வாங்குனா அன்னைக்கே முடிஞ்சுச்சு. தீர்மானத்துல மூணு வரி இருந்தா போதும், இன்ன தேதில இருந்து தாமதக் கட்டணம் கிடையாது, அதுக்கு முன்னாடி உள்ள பாக்கி எல்லாம் தள்ளுபடி, எடுத்த புத்தகம் வந்த பிறகுதான் அடுத்த புத்தகம். அந்த மூணாவது வரிதான் முக்கியம். கட்டுப்பாடு காசை வச்சு இல்லாம புத்தகத்தை வச்சு இருக்கணும். புத்தகம் வந்துருச்சா, கணக்கு தீந்துச்சு, அடுத்ததை எடுத்துட்டுப் போ. பழைய பாக்கியைத் தள்ளுபடி பண்ணாம புது ஃபைனை மட்டும் எடுத்தா பிரயோஜனம் இல்ல, ஏன்னா நாம திரும்பக் கூப்பிட நினைக்கிறதே அந்தப் பழைய பாக்கிக்காரங்களைத்தான்.

அரசு நூலகம்னா கதை வேற. இங்க நூலகர் மேல கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்ல. அவரு விதிப்படி ரசீது போட்டு கணக்குல காட்டணும், புத்தகம் குறைஞ்சா இருப்பு சரிபாக்கும்போது பதில் சொல்லவேண்டியதும் அவருதான். அவரா ஃபைனை விட்டுட்டா தணிக்கைல மாட்டுவாரு. அதனால நூலகரை நம்ம பக்கம் சேத்துக்கிட்டுத்தான் மேல போகணும். மாவட்டத்துல முடிவு மாவட்ட நூலக ஆணைக்குழு, மாவட்ட நூலக அலுவலர் வழியா போகும், விதியே மாறணும்னா சென்னையில பொது நூலக இயக்ககம், அரசாணைன்னு போகும். ஆக நம்ம கோரிக்கையை ரெண்டா பிரிச்சு வைங்க. உடனே நடக்கக்கூடியது ஒண்ணு, விதி மாத்தம் ஒண்ணு.

உடனே நடக்கக்கூடியதுல முதல் வேலை, ஃபைன் ஏறாம பாத்துக்குறது. உங்க நூலகத்துல கெடு எத்தனை நாள், எத்தனை தடவை புதுப்பிக்கலாம்னு நூலகர்கிட்ட கேட்டு பெரிய எழுத்துல எழுதி வாசல்ல ஒட்டுங்க. புதுப்பிக்கிற வசதி இருக்குங்கிறதே நிறையப் பேருக்குத் தெரியாது. கெடு முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வாசகர் வட்டத்துல ஒருத்தர் பொறுப்பெடுத்து போன் பண்ணணும். கடலுக்குப் போற வீடா இருந்தா வீட்டம்மா நம்பர், ஆச்சி நம்பர், பக்கத்து வீட்டு நம்பர்னு கரையில இருக்குற ஒருத்தர் நம்பரையும் சேத்து வாங்கி வச்சுக்கங்க, கடலுக்குள்ள போனவருக்கு மெசேஜ் அனுப்பி என்ன பிரயோஜனம். புத்தகத்தை வேற யாரு கொண்டு வந்து குடுத்தாலும் வாங்கிக்கச் சொல்லுங்க, அட்டைக்காரரே வரணும்னு இல்லாம.

மெசேஜ் எப்படி அனுப்புறதுன்னு தனியா சொல்லணும், ஏன்னா இதுலதான் பாதி விஷயம் இருக்கு. "தங்களது நூல் தவணை தேதி கடந்துவிட்டது, உடனடியாக ஒப்படைக்கவும்"னு அனுப்புனா வாங்குனவங்களுக்கு போலீஸ் ஸ்டேஷன் கடுதாசி மாதிரி இருக்கும். வாய்ஸ் மெசேஜ் போடுங்க, நேர்ல பேசுற மாதிரியே பேசுங்க: "மைனி, பாப்பா எடுத்துட்டுப் போன படக்கதைப் புத்தகத்தை இன்னொரு புள்ள கேட்டுட்டே இருக்கு, படிச்சிருந்தா குடுத்து விடுங்க, படிக்கலைன்னா சொல்லுங்க, தேதியைத் தள்ளிப் போட்டுக்குவோம்." இவ்வளவுதான். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம்னா "லாத்தா"ன்னு ஆரம்பிங்க, உங்க ஊர்ல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படி. இன்னொரு ஆள் காத்திருக்குன்னு சொன்னா நம்ம ஊர்ல யாரும் புத்தகத்தைப் பிடிச்சு வச்சுக்கமாட்டாங்க. அதே சமயம் பொய் சொல்லாதீங்க, யாரும் கேக்கலைன்னா கேக்குறாங்கன்னு சொல்லவேணாம்.

ஒண்ணு மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க. பாக்கி வச்சிருக்குறவங்க பேரை ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போடுறது, நூலக வாசல்ல பட்டியல் ஒட்டுறது, பள்ளிக்கூடத்துல பிரேயர்ல பேர் வாசிக்கிறது, இது எதுவும் வேணாம். ஃபைனை எடுத்துட்டு அவமானத்தை வச்சோம்னா ஃபைனே பரவால்லன்னு ஆயிரும். சின்ன ஊர்ல ஒரு தடவ பேர் கெட்டா அந்த வீட்ல ஒருத்தரும் அடுத்து நூலகப் படி ஏறமாட்டாங்க.

அடுத்து மன்னிப்பு மாசம். இதுக்கு நம்ம கடக்கரைல ஒரு அருமையான காலம் இருக்கு, மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையிலதான் நிக்கும். ஆம்பளைங்க வீட்ல இருப்பாங்க, வலை பின்னிட்டு படகு வேலை பாத்துட்டு இருப்பாங்க, புள்ளைகளுக்கு முழுப்பரிச்சை லீவு வேற. பெட்டியைக் கிளறித் தேட நேரம் இருக்கும். வருமானம் இல்லாத காலமும் அதுதான், அந்த நேரத்துல காசு கேட்டா யாரு வருவா. அதனால தடைக்காலத்துல வர்ற எந்தப் புத்தகத்துக்கும் எத்தனை வருஷம் ஆனாலும் ஒரு கேள்வியும் கிடையாதுன்னு அறிவிக்கணும். அரசு நூலகத்துக்கு இதுக்கு முன்கூட்டியே மாவட்ட அலுவலகத்துல எழுத்துல அனுமதி வாங்கணும், அதனால மனுவை ஜனவரிலயே குடுத்துருங்க, ஏப்ரல்ல போய் நின்னா நடக்காது.

அறிவிப்பை எங்க சொல்றதுன்னா சர்ச்சுல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சொல்லச் சொல்லுங்க, ஜும்மாவுக்கு அப்புறம் சொல்லச் சொல்லுங்க, மீனவர் சங்கத்துல, மகளிர் குழு கூட்டத்துல, ஏலம் போடுற இடத்துல சொல்லுங்க. நோட்டீஸ் அடிச்சு காசைச் செலவழிக்க வேணாம்.

புத்தகம் போடுற பெட்டியை நூலகத்துக்குள்ள வைக்காதீங்க. ஆளை ஆள் பாக்காம போட்டுட்டுப் போற மாதிரி வெளிய இருக்கணும், டீக்கடை, ரேஷன் கடை, பள்ளிக்கூட வாசல், பாசி அக்காமார் கரையேறுற இடம்னு ஆளுக போற வழில இருக்கணும். 1931-லயே மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல மாட்டு வண்டில நூலகத்தைக் கட்டி ஊர் ஊரா கொண்டு போனாங்க, அப்பவே புத்தகம் ஆளைத் தேடிப் போயிருக்கு, இப்ப ஒரு பெட்டியைக் கரைக்குக் கொண்டு போறது பெரிய வேலையா. தகரப் பெட்டி வேணாம், உப்புக்காத்துல சீக்கிரமே துரு ஏறி புத்தகத்துல கறை படிஞ்சிரும். மூடி போட்ட பிளாஸ்டிக் ட்ரம் போதும், மேல புத்தகம் நுழையுற அளவு வெட்டி, மழைத்தண்ணி இறங்காம ஒரு தடுப்பு வைங்க. தினமும் சாயங்காலம் எடுத்துரணும். அரசு நூலகப் புத்தகம்னா எடுத்த அன்னைக்கே நூலகர் கைல குடுத்து பதிவேட்டுல வரவு வைக்கச் சொல்லணும், இதுல சோம்பல் கூடாது, புத்தகம் குடுத்தவங்க பேர்ல பாக்கின்னே இருந்துச்சுன்னா நம்பிக்கை போயிரும்.

வந்த புத்தகம் நமுத்துப் போயி, ஓரம் பூஞ்சை பிடிச்சு, சில நேரம் மீன் வாடையோட வரும். முகம் சுளிக்காதீங்க. நிழல்ல காத்தாட விரிச்சு வைங்க, வெயில்ல போட்டா பசை விட்டு தாள் வளையும். குடுத்து அனுப்பும்போதே ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் குடுத்தா பாதிப் பிரச்சினை வராது.

தொலைஞ்ச புத்தகத்துக்கு என்ன பண்றதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி எழுதி வைங்க. படிப்பகமா இருந்தா அதே புத்தகம் குடுக்கலாம், அதே விலைல வேற நல்ல புத்தகம் குடுக்கலாம், ஒரேயடியா முடியலைன்னா தவணையா குடுக்கலாம். வீட்டுக்குள்ள தண்ணி ஏறுச்சு, புயல்ல கூரை போச்சு, படகு போச்சு, வீட்டுக்காரரை இலங்கை நேவி பிடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னா அந்த வீட்ல புத்தகத்தைப் பத்திப் பேசவே பேசாதீங்க, கணக்குல இருந்து எடுத்துருங்க. அரசு நூலகத்துல அப்படி எடுக்க உத்தரவு வேணும், அது வர நாளாகும், அதுக்கு பதிலா வாசகர் வட்டமே மாத்துப் புத்தகம் வாங்கிக் குடுத்துரலாம். அரபு நாட்டுல இருந்து லீவுக்கு வர்றவங்க, சங்கு கடைக்காரங்க, ஐஸ் கம்பெனிக்காரங்கன்னு கேட்டா புத்தகமா வாங்கித் தருவாங்க. காசா வாங்காதீங்க, புத்தகமாவே வாங்குங்க, கணக்குச் சண்டை வராது.

இப்ப விதி மாத்தத்துக்கான வேலை. வெறும் ஆசையைச் சொல்லி மனு குடுத்தா பதில் வராது, கணக்கோட போகணும். தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ 10 ரூபா கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி மாவட்ட நூலக அலுவலகத்தோட பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. போன மூணு வருஷத்துல உங்க நூலகத்துல தாமதக் கட்டணமா வசூலான மொத்தத் தொகை எவ்வளவு, உறுப்பினர் எத்தனை பேர், அதுல போன ஒரு வருஷமா ஒரு புத்தகமும் எடுக்காதவங்க எத்தனை பேர், திரும்பாத புத்தகம் எத்தனை. நாலு கேள்வி போதும், பதில் குடுக்க 30 நாள் கெடு. வசூல் தொகையைப் பாத்தீங்கன்னா நீங்களே சொல்லுவீங்க இதுக்கா இவ்வளவு பாடுன்னு. அமெரிக்காவுல சான் டியாகோ நகரம் 2018-ல ஃபைனை எடுத்ததே இந்தக் கணக்கைப் பாத்துத்தான், வர்ற காசை விட அதை வசூல் பண்ற செலவு கூடன்னு தெரிஞ்சு போச்சு.

கூடவே இன்னொரு வாதத்தையும் கைல வச்சுக்கங்க. உங்க வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, அதுல நூலக வரின்னு இருக்கும், வீட்டு வரில ஒரு ரூபாய்க்கு 10 பைசா. 1948-ல வந்த பொது நூலகச் சட்டத்துல இருந்து வர்ற ஏற்பாடு இது. ராமேஸ்வரம் பக்கம் ஓலைக்குடால குடியிருக்கிற மீனவரும் அந்த வரியைக் கட்டுறாரு. நூலகத்துக்கு ஏற்கனவே காசு குடுத்த ஆளைத்தான் நாம சில்லறைக்காக வாசல்ல நிறுத்துறோம், இதை கிராமசபைல எந்திரிச்சு சொல்லுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாள்ல எது பக்கத்துல வருதோ அதுல தீர்மானம் போட வைங்க. மனுவுல இந்த மாதிரி எழுதலாம்:

"எங்கள் ஊர் நூலகத்தில் தாமதக் கட்டண நிலுவை காரணமாகப் பல குடும்பங்கள், குறிப்பாகப் பள்ளி மாணவர்கள், நூல் எடுப்பதை நிறுத்தியுள்ளனர். கடல் தொழிலின் தன்மையால் குறித்த நாளில் நூலைத் திருப்புவது இயலாமல் போகிறது. எனவே, ஒவ்வோர் ஆண்டும் மீன்பிடித் தடைக்காலத்தில் தாமதக் கட்டணம் இன்றி நூல்களைப் பெற்றுக்கொள்ளவும், பதினெட்டு வயதுக்குக் குறைந்த உறுப்பினர்களுக்குத் தாமதக் கட்டணத்தை முழுவதும் நீக்கவும், இரவல் காலத்தை நீட்டிக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். தொலைந்த நூல்களுக்கு மாற்று நூல் வழங்கும் பொறுப்பை வாசகர் வட்டம் ஏற்கும்."

அந்தக் கடைசி வரியை விட்டுறாதீங்க, அதிகாரிக்குத் தயக்கம் வர்ற இடமே அதுதான். சின்னப் புள்ளைகளுக்கு மட்டும்னு முதல்ல கேக்குறதும் யோசிச்சுத்தான், மொத்தமா கேட்டா மறுக்குறது சுலபம், புள்ளைகளுக்கு மறுக்க யாருக்கும் மனசு வராது. கிராமசபை தீர்மான நகல், தகவல் உரிமைப் பதில், மனு மூணையும் சேத்து மாவட்ட நூலக அலுவலர்கிட்ட நேர்ல குடுங்க, ஒரு காப்பியை திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல பதிஞ்சு ரசீது நம்பர் வாங்கிக்கங்க, ஒண்ணை பொது நூலக இயக்குநருக்குப் பதிவுத் தபால்ல போடுங்க. ஒரு ஊர் குடுக்குறதை விட பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, திருப்பாலைக்குடின்னு நாலஞ்சு ஊர் வாசகர் வட்டம் ஒரே மாதிரி குடுத்தா எடை கூடும்.

பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்கவேணாம், போன், பெட்டி, வாய்ஸ் மெசேஜ் எல்லாத்துக்கும் யார் அனுமதியும் தேவையில்ல, அரசு நூலகமா இருந்தா நூலகர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நாளைக்கே ஆரம்பிக்கலாம். ஆரம்பிக்கிற அன்னைக்கு ஒரு நோட்டுப் போடுங்க, எந்தத் தெருவுல இருந்து எத்தனை புத்தகம் வந்துச்சு, ரொம்ப நாள் கழிச்சு வந்து திரும்பவும் புத்தகம் எடுத்தவங்க எத்தனை பேர்னு. பேர் எழுதவேணாம், எண்ணிக்கை போதும். ஆறு மாசத்துல அந்த நோட்டுதான் அடுத்த மனுவுக்கு ஆதாரம். ஒரு தெருவுல இருந்து ஒண்ணுமே வரலைன்னா அந்தத் தெரு மேல குறை சொல்லாம பெட்டியை இடம் மாத்தி வச்சுப் பாருங்க, பெட்டி எடுக்குற நேரத்தையும் அவங்க கடல்ல இருந்து வர்ற நேரத்துக்கு மாத்துங்க.